எதிர்க்காற்று

மாடி அறையில் ரோஸ்லினின் சைக்கிள் ட்ரெய்னரில் மாட்டப்பட்டு நின்றது. அவள் எவ்வளவு மிதித்தாலும் பின்சக்கரம் மட்டும் சுற்றும், சைக்கிள் நகராது. வியர்த்துக் கொட்டும் அவள் முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் மூன்று மாதமாகக் காற்று வீசியது.

பந்தயத்தன்று சைக்கிளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். "புள்ளையப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று சைக்கிளிடம் சொன்னது ஃபேன்.

சாயங்காலம் சைக்கிள் மணலும் உப்புமாகத் திரும்பி வந்தது.

"எப்படிப் போச்சு?"

"எட்டாவதா வந்தோம். கடற்கரை ரோட்டுல ஒரே எதிர்க்காத்து. ரெண்டு பேர் முடியாம ஓரமா உக்காந்துட்டாங்க."

ஃபேனுக்கு முகம் வாடிவிட்டது. "காத்தா? எங்க சொந்தக்காரப் பயதான். புள்ள ரொம்பத் திட்டிச்சா?"

"மத்தவங்க எல்லாரும் திட்டினாங்க. இவ மட்டும் சிரிச்சா."

"ஏன் சிரிச்சா?"

"எனக்கும் புரியல. 'அட, நீயும் கூடவே வந்துட்டியா'ன்னு காத்தைப் பாத்துக் கேட்டா."

சுவிட்சை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஃபேனின் இறக்கை மெதுவாக ஒரு சுற்று சுற்றி நின்றது.