குஞ்சு பறந்த அன்று

சிட்டுக்குருவிக் கூட்டைப் படம்பிடிக்கும் குட்டிக் கணினிக்குத் தன் பழைய கேமராவைக் கண்டாலே இளக்காரம்.

"உனக்கு எல்லாமே மங்கல்தான், பெருசு!"

"முட்டையிலேருந்து பார்த்துட்டிருக்கேன்டா. குஞ்சு பறக்கிறதையும் பார்த்துட்டுப் போறேனே."

கணினி கேட்கவில்லை. கேமரா செத்துவிட்டதாகத் திரையில் பொய் காட்டியது. வீட்டுக்காரர் நம்பி, பழையதைக் கழற்றிப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, தானாகவே ஃபோகஸ் செய்யும் புதுக் கேமராவை மாட்டினார்.

மறுநாளே குஞ்சு பறந்தது. புதுக் கேமராவோ, கூட்டுக்கு முன்னால் ஆடிய சிலந்தி நூலைத்தான் பளிச்சென்று பிடித்தது. பின்னால் குருவி வெறும் சாம்பல் தீற்றல்.

"நூலைப் பார்த்தியா மாப்ளே, என்ன துல்லியம்!" என்று புதுக் கேமரா பீற்றிக்கொண்டது.

கண் இருண்டு கிடந்த பழைய கேமரா மெல்லக் கேட்டது: "பறந்துடுச்சா தம்பி? றெக்கையை எப்படி விரிச்சுது?"

"அழகா விரிச்சுதுண்ணே," என்றது கணினி. அதனிடம் இருந்ததோ அந்தச் சாம்பல் தீற்றல் மட்டும்தான்.