கொஞ்சம் நிறம் கூட்டி

“சேச்சி, ஒரு நிமிஷம். அந்தப் படத்த மூடாதீங்க.”

அனூஜ் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தான். பாறசாலை கடைத்தெருவில் இருக்கும் ஸ்டுடியோவின் எடிட்டிங் அறை அது. ஏசி போட்டு, ஜன்னலைத் துணியால் மறைத்து, பகலிலேயே பாதி இருட்டாக வைத்திருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவனுக்கு இருபது நாள் ஓடிவிட்டது, மிச்சம் பத்து. அதற்குள் பெண் அமையாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் தனிக்கட்டைதான்.

தரகர் புதுப் படம் கேட்டார் என்று காலையில் வந்து எடுத்துக்கொண்டான். ஸ்டுடியோக்காரர் மோகனன் கிளிக் செய்துவிட்டுச் சாயா குடிக்கக் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அவன் நெற்றியில் முடி நட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ளத விடக் கூட்டணுமா சேட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

“கல்யாணம் வரைக்கும் நிண்ணா போதும்” என்றான்.

அந்த வேலை முடிந்து அவன் படத்தை அவள் மூடியபோதுதான் அடியிலிருந்து இன்னொரு படம் எழும்பி வந்தது.

கருப்பு வெள்ளையில் ஒரு பெண். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. அவிழ்ந்து கிடந்த கூந்தல். எதையோ சொல்ல வந்து, அப்புறம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. அனூஜுக்குக் காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோயிற்று.

“இது ஆராக்கும்?”

“வாசல் கண்ணாடியில மாட்டுகதுக்கு எடுத்தது. கலர்ல வைக்கவா, இப்பிடியே வைக்கவான்னு மோகனன் அண்ணன் இன்னும் முடிவு பண்ணல்ல.”

“கல்யாணம் ஆச்சா?”

மவுஸ் நின்றது. “இல்ல.”

“ஊரு?”

“பக்கத்துலதான். செங்கல்னு ஒரு ஊரு.”

“வேலைக்குப் போறாளா?”

“போறா. காலையில ஒம்பதுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்கு வருவா.”

அனூஜுக்கு அதற்குமேல் விவரம் தேவைப்படவில்லை. இரண்டே நிமிடத்தில் அவளுக்குத் தாலி கட்டி, கள்ளிக்காட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, நெய்யாறு அணையில் படகேற்றிவிட்டான். தண்ணீர், மலை, அவள் எல்லாமே கருப்பு வெள்ளையில் இருந்தன. துடுப்புப் போடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் தண்ணீரில் விரலை இழுத்தபடி வந்தாள். படகு கரைக்குத் திரும்ப மனசில்லாமல் மிதந்துகொண்டே இருந்தது.

“சேச்சி, எனக்கு இவ மதி, இவ போதும்” என்றான், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி. “இதுவரைக்கும் பதினொண்ணு பாத்தாச்சு. எனக்க அம்மைக்கு ஒண்ணும் பிடிக்கல்ல. இவள மட்டும் நான் விடமாட்டேன்.”

“படம்தானே கண்டீங்க.”

“அது போதும். இந்த மொகத்த எந்தத் திருவிழாக் கூட்டத்துல வச்சுக் கண்டாலும் நான் அறிவேன்.”

அவள் சிரித்தாளா, இருமினாளா என்று தெரியவில்லை.

“அம்மைக்கு ஒண்ணு அனுப்பணும். கலர்ல காட்டுங்க.”

“இப்பிடியே அனுப்புங்களேன். இதுதானே பிடிச்சுது.”

“அம்மைக்கு நெறம் தெரியணும். அதத்தானாக்கும் முதல்ல கேப்பா.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கிளிக். படத்துக்கு நிறம் வந்தது. பச்சைப் பட்டு. சிவப்புப் பொட்டு. மாநிறத்துக்கும் ஒரு படி கீழே முகம். அனூஜின் படகு எதிலோ லேசாக இடித்தது.

“கொஞ்சம் கொறவாக்கும், இல்லியா?”

“அவளுக்க நெறம் அது.”

“லைட்டு சரியா விழாம இருக்கும். கொஞ்சம் கூட்டுங்க சேச்சி. அம்மைக்கு வேண்டித்தான்.”

“அம்மைக்கு மட்டுமா?”

அனூஜ் தலையைச் சொறிந்தான். “எனக்கும்... கூடினா நல்லதுதானே.”

மவுஸை மெல்ல நகர்த்தினாள். “போதுமா?” என்றாள். “இன்னும் கொஞ்சம்” என்றான். “போதுமா?” “ஒரு பொடிக்கு.” நெற்றி வெளுத்தது. கன்னம் வெளுத்தது. கழுத்தும் வெளுத்தது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் காணாமல் போனது என்று அனூஜ் கவனிக்கவில்லை.

“இது மதி. இதாக்கும் படம்.”

அவள் அதை அவன் போனுக்கு அனுப்பினாள். அவன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். இதுவரை பதினொரு படம் போய், பதினொரு தடவை ‘வேண்டாம்’ என்றே திரும்பி வந்த போன் அது. இரண்டு நிமிடம் கழித்து அம்மா கிருஷ்ணம்மாவின் குரல் அதில் வந்தது.

“மக்கா, இது மகாலட்சுமியாக்கும். இனி தரகரு ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே போய்ப் பேசி உறப்பிச்சிட்டு வருவோம். அந்தக் குட்டிக்க வீடு எங்கன்னு கேளு.”

அனூஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாள் தாராளம். பந்தலே போட்டுவிடலாம்.

“கேட்டியளா சேச்சி? எனக்க அம்மை சம்மதிச்சாச்சு. அவளுக்க பேரென்ன? வீட்டுக்கு வழி சொல்லுங்க, நாளைக்குக் காலையில வாறோம்.”

அவள் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மோகனன் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படத்தைப் பார்த்தார்.

“இதென்ன மோளே? நல்லா இருந்த ஒனக்க மொகத்துக்கு ஏன் இப்பிடி வெள்ளையடிச்சு வச்சிருக்கே?”

வந்ததிலிருந்து முதல் தடவையாக, அனூஜ் திரையிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பெண்ணைப் பார்த்தான்.