அன்சருக்கு மட்டும் பத்திரிகை இல்லை

“அன்சர் பேரை ஏன்டா அடிச்ச?”

கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலைக் கையில் பிடித்தபடி பாக்கியம் கேட்டாள். மகன் பிரிட்டோ நேவியில் இருக்கிறான். தன் கல்யாணத்துக்காக லீவில் கள்ளக்குறிச்சி வந்திருந்தான்.

“அவனுக்குக் கிடையாது.”

“ஒண்ணாப் படிச்ச புள்ளடா. நாலு தெரு தள்ளி அவங்கப்பா கடையில ஆணி எடை போட்டுக்கினு இருக்குது. அதை வுட்டுட்டு ஊரெல்லாம் வைப்பியா?”

“அவன் எனக்குப் பண்ணது உனக்குத் தெரியாதும்மா.”

“இன்னா பண்ணிச்சு? மூணு வருசமா கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்கிற.”

இப்போதும் திறக்கவில்லை. திறந்தால் தோற்ற கதையைச் சொல்ல வேண்டும். தோற்றதை எல்லாம் வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன், இடஒதுக்கீட்டு மறியல் நடந்த சமயம். பிரிட்டோவும் அன்சரும் பாண்டிச்சேரியில் கல்லூரி மாணவர்கள். என்.சி.சி. கடற்படைப் பிரிவில், இரண்டு பேர் ஓட்டும் சின்னப் பந்தயப் பாய்மரப் படகில் ஜோடி. பந்தயத்தில் ஜெயித்தால் அகில இந்திய முகாம். அங்கே போய் வந்தவனுக்கு நேவி வேலை பாதி கிடைத்த மாதிரி.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பாய்க் கயிறு ஓடும் கப்பிகள் இரண்டும் விரிசல் விட்டன. வீட்டுக்கு வந்துவிட்டு மெட்ராஸ் போய்ப் புதிதாக வாங்குவதாகத் திட்டம். வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை.

“எங்க கடையிலயே தேடுவோம், வாடா,” என்றான் அன்சர்.

அவன் அப்பா காஜா பாயின் இரும்புக் கடையில் ஒரு பகல் முழுக்கத் தகர டப்பாக்களைக் கவிழ்த்தார்கள்.

“இரும்பு வேணாம், உப்புத் தண்ணியில துரு ஏறும். பித்தளை கனம். இந்தா, நைலான் சக்கரம், பக்கத் தகடு துருப்பிடிக்காத எவர்சில்வர்.”

அன்சர் படகுக் கயிற்றைக் கப்பியில் ஓட்டிப் பார்த்தான். கயிறு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். மெலிசாக இருந்தால் சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஏழெட்டைக் கழித்து இரண்டைத் தேர்ந்தெடுத்தான். பிரிட்டோ வீட்டுக் கொல்லையில் கட்டி, கல் நிரப்பிய வாளியைத் தூக்கி இறக்கினார்கள். தாங்கியது. கீச் கீச்சென்று சத்தம் மட்டும்.

“புதுசு, அப்படித்தான் இருக்கும். சார் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? நல்ல தண்ணியில அலசறதோட சரி. எண்ணெ பட்டா மணல் ஒட்டிக்கும்,” என்றான் பிரிட்டோ.

வழி திறந்த மறுநாள் காலை, கப்பிகள் இருந்த பையை பிரிட்டோ வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பந்தயத்தில் பாதி தூரம் வரை அவர்கள்தான் முன்னால். திரும்பும் இடத்தில் காற்று ஓங்கி அடித்தது. கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினார்கள், ஓடவில்லை. பாய் அப்படியே காற்றை வாங்கிக்கொண்டு சாய, படகு கவிழ்ந்தது.

கரையில் ஆபீசர் கப்பியைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக மணல் அப்பியிருந்தது. விளக்கெண்ணெய் வாசனை.

“யாருய்யா எண்ணெய் வச்சது?”

“நான் வைக்கல சார்.” பிரிட்டோ முந்திக்கொண்டான்.

அன்சர் கப்பியை வாங்கி மோந்து பார்த்தான். பிரிட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தான்.

“நான்தான் சார். கீச்சுனு கத்துச்சு, அதான்.”

அன்றோடு அன்சரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தப்பு அவன் ஒருத்தனுடையது என்பதால் பிரிட்டோவுக்கு வேறு ஜோடியோடு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஜெயித்தான், முகாமுக்குப் போனான், நேவியிலும் சேர்ந்துவிட்டான்.

“கடைக்காரப் புத்தி எங்கடா போவும்? ஒன்னைய ஜோடி சேத்துக்கினது என் தப்பு.” அத்தனை பேர் முன்னால் அன்சரிடம் அவன் கடைசியாகப் பேசியது இதுதான்.

பாக்கியம் இன்னும் பட்டியலைக் கீழே வைக்கவில்லை.

“நீ என்னா வேணா நெனச்சிக்கோ. அந்தப் பந்தயம் முடிஞ்சு நீ ஹாஸ்டல்லயே தங்கிட்ட. அது ஒண்டியா வந்து ஒன் பையைக் குடுத்துச்சு. மூஞ்சி செத்துப்போய் இருந்துச்சு. அப்பவும் என்கிட்ட எவ்ளோ பதவிசா பேசிச்சு தெரியுமா?”

“இன்னா பேசினான்?”

“நான்தான் கேட்டேன், கப்பி நல்லா ஓடுச்சாப்பான்னு. நீங்க கொல்லையில கட்டி இழுக்கசொல்ல கீச்சு கீச்சுனு கத்திச்சே. கெணத்து ராட்டினத்துக்கு வுடற மாதிரி சாயங்காலமா ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெ வுட்டு, தொடச்சி, பையில வச்சேன். அன்னிக்கு ஒங்களுக்குச் சொல்லக்கூட இல்ல. அப்பத்தான் அதுகிட்ட சொன்னேன்.”

பை அன்றைக்கு இந்த வீட்டில்தான் இருந்தது. அது ஏன் பிரிட்டோவுக்கு உறைக்கவே இல்லை? மூன்று வருஷமாக அந்தக் கடை வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போனதை நினைக்க அவமானமாக இருந்தது.

“அதுக்கு அவன்... இன்னா சொன்னான்மா?”

“நீங்க எண்ணெ வுட்டதாலதாம்மா அவ்ளோ நல்லா ஓடுச்சுன்னு சொல்லிச்சு. பெத்த புள்ள நீ, என்னிக்காச்சும் அப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்கியாடா?”