மாப்பிள்ளையின் கட்டைவிரல்

மாப்பிள்ளை காலை நீட்ட மாட்டேன் என்கிறாராம் என்ற செய்தி, மணமேடையிலிருந்து பந்தி நடக்கிற இடம் வரைக்கும் போய்விட்டது.

பாதபூஜைக்குத் தாம்பாளம் தயாராக இருந்தது. பெண்ணின் அம்மா கமலாம்பாள் சொம்பும் கையுமாக நின்றாள். அப்பா குழந்தைசாமி மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேட்டியை மடித்துக் குந்திவிட்டார். தட்சணாமூர்த்தி மட்டும் இரண்டு காலையும் பட்டு வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

புல்லட் கேட்கிறானோ என்று ஒரு பெரியப்பா முணுமுணுத்தார். அதெல்லாம் இல்லை, செயின் கனம் பத்தவில்லையாம் என்று பின்வரிசையில் ஒரு அத்தை அடித்துச் சொன்னாள்.

பாவம், அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் பயமெல்லாம் வலது கால் கட்டைவிரலில் இருந்தது. நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நகச்சொத்தை.

யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், இவனுக்கு வரலாமா? மரக்காணம் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவன். வேப்பெண்ணெயையும் புன்னை எண்ணெயையும் கலந்து, ‘நகச்சொத்தைக்குக் கைகண்ட எண்ணெய்’ என்று போர்டு எழுதி மாட்டியவன். நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் நிற்கிற உப்பளத்து ஜனங்களில் பாதிப் பேர் அவனிடம்தான் வாங்கினார்கள். அந்தப் பாதிப் பேரும் இப்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கல்யாணம் முடிவானதே அந்த எண்ணெயால்தான். குழந்தைசாமி உப்பளத்தில் மேஸ்திரி. போன ஆவணியில் ஒரு நாள் முழங்கால் பூட்ஸோடு கடைக்கு வந்து, நகச்சொத்தை என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கினார். விரலைக் காட்டச் சொன்னதற்கு, பூட்ஸைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்று சொல்லிவிட்டார். அப்புறம் வாரா வாரம் வந்து ஒரு பாட்டில் வாங்குவார், ஸ்டூலில் உட்கார்ந்து நல்லது கெட்டது பேசிவிட்டுப் போவார். ஒரு மாதம் ஆயிற்றோ இல்லையோ, “சுத்தமா போயிடுச்சு தம்பி, உனக்கு நல்ல கைராசி” என்றவர், அதே மூச்சில் தன் பெண் மலர்கொடியைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டார். பேசி, வைகாசியில் கல்யாணம் என்று முடித்தார்கள்.

ஐப்பசி மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து நாள்கணக்கில் நின்றது. அந்த ஈரத்திலேயே நடமாடியவனுக்குக் கட்டைவிரலில் சொத்தை பிடித்தது. நம் கையிலேயே மருந்து இருக்கும்போது என்ன கவலை என்று தைரியமாகத் தன் எண்ணெயைத் தடவினான். தை வந்தது, மாசி வந்தது, நகம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, தோல் டாக்டரைப் பார்த்தான். எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, சில பேருக்குக் கொஞ்சம் உதவலாம், ஆனால் நகத்துக்கு அடியில் இருக்கிற பூஞ்சையை அது மட்டும் தீர்த்துவிடும் என்று நம்பாதே என்றார் அவர். ரத்தம் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டாலும் பழைய நகம் போய்ப் புது நகம் முழுசாக வளர ஒரு வருஷம் பிடிக்கும் என்றும் சொன்னார். முகூர்த்தம் ஒரு வருஷம் காத்திருக்குமா?

ஊருக்குத் திரும்பியதும் போர்டைக் கழற்றிவிடலாம் என்று ஏணி வரைக்கும் எடுத்தான். மாமனாருக்குத் தெரிந்தால் பெண் கிடைக்காதே என்று ஏணியைத் திருப்பி வைத்துவிட்டான். மலர்கொடியை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

இன்று காலையில் கட்டைவிரலில் மஞ்சளை அப்பிக்கொண்டுதான் மேடை ஏறினான். தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள் என்பது இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போதாததற்கு வீடியோக்காரர் காமிராவைத் தாம்பாளத்துக்கு நேராகப் பிடித்திருக்க, மண்டபத்து எல்.இ.டி. திரையில் அது கதவு அகலத்துக்குத் தெரிந்தது. கால் மட்டும் வந்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

“நேரமாவுதுங்க மாப்ளே” என்று சொல்லிக்கொண்டே குழந்தைசாமி காலைப் பிடித்து இழுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். கமலாம்பாள் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் கரைந்து ஓடியது. குழந்தைசாமியின் கை அப்படியே நின்றது.

தட்சணாமூர்த்தி மாமனாரின் காதுப்பக்கம் குனிந்தான்.

“மன்னிச்சுடுங்க மாமா. என் எண்ணெய் எனக்கே கேக்கலை, டாக்டர் குடுத்த மாத்திரைதான் சாப்புடறேன். உங்களுக்குக் கேட்டுச்சுன்னுதான் பொண்ணு குடுக்கறீங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

குழந்தைசாமி குந்தியபடியே ஓர் அடி நகர்ந்து காமிராவுக்கு முதுகைக் காட்டினார். திரை முழுக்க அவர் முதுகுதான் தெரிந்தது. வீடியோக்காரர் தள்ளி உட்காரச் சொல்லிக் கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை.

பூட்ஸ் இல்லாத அவர் கால்களைத் தட்சணாமூர்த்தி இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தான். பத்து நகமும் ஒரு கறை இல்லாமல் பளிச்சென்று இருந்தன. இந்த மனிதருக்கு மட்டும் நம் எண்ணெய் எப்படித்தான் கேட்டதோ என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

குழந்தைசாமி கட்டைவிரலைத் துண்டால் பொத்தித் துடைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“எனக்கு ஏது மாப்ளே நகச்சொத்தை? மாப்ளை பாக்கத்தான் கடைக்கு வந்தேன்.”