வேர் பிடித்த கரை

"மொதல்ல என்ன அள்ளிப் போடு. அப்பால மண்ண அள்ளு."

ஜே.சி.பி.யின் இரும்புக் கை கன்னியம்மாவின் தலைக்கு மேலே அப்படியே நின்றது. கமண்டல நாக நதிக் கரையில், புதிதாக நட்ட வெட்டிவேர் வரிசைக்கு முன்னால் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கரைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்திருந்த மற்ற பெண்கள் ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் ஜாய்ஸ் மட்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராஜவேலு காரிலிருந்து இறங்கி வந்தான். ஆரணியைச் சுற்றித் திருட்டு மணல் ஓட்டும் லாரிகளில் பாதி அவனுடையவை.

"தோ பாரு, பேஜாரு பண்ணாத. உம் புருசன் மாதிரி நீயும் காணாமப் போயிடப் போற."

கன்னியம்மா நிமிர்ந்து அவனையே பார்த்தாள். ஜாய்ஸின் போன் தன் பக்கம் திரும்பியதைக் கண்டதும் அவன் வண்டியைத் திருப்பச் சொன்னான்.

ஜாய்ஸ் ஆரணியில் பிறந்தவள். கடலூர்ப் பக்கத்துக் குப்பங்களில், அலை அரிக்கும் மணல்மேடுகளை அடம்பங்கொடியும் பனையும் வைத்து மீட்பது எப்படி என்று மீனவப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஆற்று மணல் கடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கடற்கரை நிற்கும் என்று தன் நிறுவனத்தாரிடம் மன்றாடி, அதே பயிற்சியைச் சொந்த ஊர் ஆற்றுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

வந்தவர்களில் கன்னியம்மாவைப் போல் ஒருத்தி இல்லை. ரைஸ் மில் வேலை முடிந்த கையோடு வருவாள். மற்றவர்கள் டீ எப்போது வருமென்று பார்த்திருக்க, இவள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள்.

"டீச்சர், எந்த வேரு ரொம்ப ஆழமாப் போவும்?"

"வெட்டிவேர்தான்க்கா. ஒரு ஆள் உயரத்துக்கு மேலயே எறங்கும்."

"வெள்ளம் வந்துச்சின்னா, அடியில கீற மண்ணு அரிச்சிகினு வெளிய வராதுல்ல?"

"நல்லா வேர் புடிச்சிட்டா அசையாதுக்கா."

கன்னியம்மா தலையாட்டிக்கொண்டாள். செடி நட இடம் பிரித்தபோது, ஆறு வளைகிற முனையைத் தனக்கென்று கேட்டு வாங்கினாள். பயிற்சி இல்லாத நாளிலும் அங்கே குடத்தோடு நிற்பாள்.

அவள் புருசன் சடையன், ராஜவேலுவிடம் டிராக்டர் ஓட்டியவன். பயிற்சி தொடங்குவதற்கு முன்பு, முதலாளியோடு ஒருநாள் அடிதடி ஆனது. அடுத்த வாரத்திலிருந்து ஆளைக் காணோம்.

ராஜவேலுதான் ஏதோ செய்துவிட்டான் என்று ஊரே குசுகுசுத்தது. கன்னியம்மா மட்டும் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று ஜாய்ஸ் நினைத்தாள்.

ஜே.சி.பி. வீடியோ ஊரெல்லாம் பரவியது. அதிகாரிகள் வந்தார்கள், கன்னியம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மணல் வண்டிகள் அந்தப் பக்கம் வருவது நின்றது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ராஜவேலுவின் கார் ஜாய்ஸை உரசுவது போல் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சடையன் எங்க போனான்னு எனக்கே தெரியாது. நீ அந்தப் பொம்பளையோட சேர்ந்துகினு சுத்தாத. உன் நல்லதுக்குச் சொல்றன்."

"மெரட்டுறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. கண்ணாடி ஏறியது. அன்றிலிருந்து ஜாய்ஸ் தனியாக ஆற்றுப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் ஆறு பொங்கி வந்தது. மேலண்டைக் கரை லாரி லாரியாகச் சரிந்து விழ, பம்புசெட் ஒன்று அப்படியே அடித்துக்கொண்டு போனது. கன்னியம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பகலெல்லாம் முனையில் நின்றாள். கூப்பிட்டவர்களோடு வீட்டுக்குப் போகவில்லை.

தண்ணீர் வடிந்தபோது முனை அப்படியே இருந்தது. ஒரு செடிகூட சாயவில்லை. அதைப் பார்த்து அவள் முதல்முறையாக அழுததாக, கூட இருந்த பெண்கள் சொன்னார்கள்.

இரண்டொரு வாரத்தில் ஜாய்ஸ் மூச்சிரைக்க அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, உன் எடத்தத்தான் மாதிரிக் கரைன்னு எடுத்துகினாங்க! கடலூர்ப் பயிற்சிக்கு நீதான் வந்து பேசணும். கடலோரத்துப் பொம்பளைங்க எல்லாம் ஒன்னப் பாக்கணும்ங்கறாங்க."

கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள்.

"நாளைக்கு சென்னையிலேர்ந்து ஆளுங்க வராங்க. வேர் எவ்ளோ தூரம் எறங்கியிருக்குன்னு பாக்க முனையில குழி வெட்டுவாங்க. செடிக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

முறம் நின்றது.

"எம்மாம் ஆழம்?"

"ஆள் உயரம் வெட்டினாத்தான் தெரியுமாம்."

"வேற எடத்துல வெட்டச் சொல்லு டீச்சர்."

"ஏன்க்கா? ராஜவேலு ஏதாவது பண்ணுவான்னு பயமா? போலீஸ் கூட வராங்க. நீ தைரியமா இரு."

கன்னியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தாழைத் தள்ளிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பீடி நெருப்பு வைத்த பழைய தழும்புகள். இத்தனை மாதம் கூடவே இருந்தும் ஜாய்ஸ் அவற்றைப் பார்த்ததே இல்லை. வெயிலுக்கு என்று சொல்லி அவள் வெளியில் எப்போதும் முழுக்கைச் சட்டை மாட்டியிருப்பாள்.

"அவன் மேல எனக்கு இன்னா பயம்? ஊரு பேசறதெல்லாம் பாவம் அவனுக்குத்தான் போய்ச் சேருது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் ஜாய்ஸின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குரல் பாடத்தில் சந்தேகம் கேட்பது போல அமைதியாக இருந்தது.

"எம் புருசன அங்க பொதச்சது நான்தான்."