யட்டவத்தயில் அமைதியான வீடு

"பிள்ளைகளோட குடியிருக்க அமைதியான சின்ன ஊரா பாருங்க அக்கா. எனக்குச் சத்தமே ஆகாது," என்றார் உதயராஜ்.

"மாத்தளை வீட்டுக்கு என்ன கேடு, சேர்?" என்றாள் வீட்டுப் புரோக்கர் அழகாயி.

"பக்கத்துல ஒரு மிளகாய் மில்லு இருந்துச்சு. ஒன்பது பெட்டிஷன் போட்டு மூட வச்சேன். இப்ப அதே இடத்துல தகரம் தட்டுற கராஜ் வந்திருச்சு!"

"அடடா! யட்டவத்தயில ஒரு வீடு இருக்கு. குருவிச் சத்தம் மட்டும்தான்."

போய்ப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு கொட்டகை பூட்டிக் கிடந்தது.

"இது யாரோடது?"

"ஒரு பொம்பளையோடது. சும்மாதான் கிடக்கு."

அந்த மாதமே பணம் கொடுத்து, வீட்டை உறுதி எழுதி வாங்கினார் உதயராஜ்.

குடிபுகுந்த காலையில் மனைவி துஷாரா பால் காய்ச்சினாள். பால் பொங்கும் நேரம், பக்கத்துக் கொட்டகை கடகடவென்று அதிர்ந்தது. வீடே தும்மியது. பால் அடுப்பில் வழிந்து தீய்ந்தது.

உதயராஜ் கத்திக்கொண்டே ஓடினார். மிளகாய்த் தூளுக்கு நடுவே நின்றவள், முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

அழகாயி!

"மாத்தளையிலயும் இப்படித்தான் துணி கட்டிக்கிட்டு அரைச்சேன், சேர். ஒன்பது பெட்டிஷன் போட்டீங்களே, ஒரு நாளாவது என் மூஞ்சியப் பார்த்தீங்களா? இந்த மில்லுக்கு பர்மிட் எல்லாம் சரியா இருக்கு. பத்தாவது பெட்டிஷனுக்குப் பேனா வேணுமா?"