துரோகிச் சீட்டு

போலோஞா நகரத்தின் மதிய வெயில் சன்னல் வழியாக மாவுப் பலகைமேல் விழுகிறது. அம்மாவின் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. காலையிலிருந்து அக்காளும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசுகின்றன. தங்கை இல்தே சின்னச் சின்ன மாவுத் துண்டுகளில் கறியை வைத்து, விரல் நுனியில் சுற்றி, எதிரியின் கழுத்தை நெரிப்பதுபோல் மடிக்கிறாள். பலகையின் எதிர் ஓரத்தில் அக்கா நீவெஸ் தினமும்போல குறி பார்க்கும் டாரோ சீட்டுகளைக் கலைக்கிறாள். "என்கிட்டயே நான் எதை மறைக்கிறேன்?" என்று முணுமுணுத்து ஒன்றை எடுத்து வைக்கிறாள். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். இந்த ஊரில் அவனுக்குத் துரோகி என்று பெயர். நீவெஸ் சட்டென்று சீட்டை அரைவட்டமாகச் சுழற்றித் தங்கை பக்கம் தள்ளுகிறாள். "பாருடி, உனக்குத்தான் வந்திருக்கு. அம்மாவ முதியோர் இல்லத்துல தள்ளினவ நீதானே?"

இல்தேயின் விரல்கள் நிற்கவில்லை. "சீட்டு கண்ணாடி மாதிரி, எடுத்தவ மூஞ்சியத்தான் காட்டும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியேக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா அம்மா. ஒரு தடவ வந்தியா நீ?" கோயிலில் பூசைக்கான முதல் மணி அடிக்கத் தொடங்குகிறது. நீவெஸ் குனிந்து பலகையைப் பார்க்கிறாள். சீட்டைச் சுழற்றியதில், தொங்கியவன் அவள் பக்கமிருந்து பார்க்க நிமிர்ந்து நிற்கிறான். மாவு படிந்த அந்த முகம் நேருக்கு நேராக அவளைத்தான் பார்க்கிறது.